நூலகத்தில் ஒரு மேஜைக்காக ஸ்கூல் போர்டு கூட்டத்துக்குப் போனோம்: உங்கள் அனுபவம் என்ன?

முதல் பதிவு: நியூயார்க் மாநிலத்திலிருந்து ஓர் அம்மா

எல்லாருக்கும் வணக்கம். நம்மவர்கள் யாராவது ஸ்கூல் போர்டு (உள்ளூர்ப் பள்ளிகளை நிர்வகிக்க மக்கள் தேர்ந்தெடுக்கும் குழு) கூட்டத்துக்குப் போயிருக்கிறீர்களா, போனால் ஏதாவது நடக்குமா என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார். நான் இரண்டு வருஷமாகப் போகிறேன். என் பையனின் தொடக்கப் பள்ளி நூலகத்தில் ஜன்னலோரம் இருந்த ஒரு மேஜைக்காகத்தான் முதலில் போனேன்.

கோயம்புத்தூரிலிருந்து இங்கே வந்த புதிதில் அவன் வகுப்பில் வாயே திறக்க மாட்டான். நூலக வகுப்பு மட்டும் பிடிக்கும். நான் படித்த பள்ளியில் நூலகம் என்றால் தலைமையாசிரியர் அறையில் பூட்டிய பீரோ. இங்கே புத்தக அலமாரிகளுக்கு நடுவில் அட்டைப் பெட்டி, கத்தரிக்கோல், பசைத் துப்பாக்கி, வயர், பேட்டரி எல்லாம் வைத்து ஒரு மேஜை. மேக்கர்ஸ்பேஸ் என்று பெயர். நூலகத்துக்குள் இப்படி ஓரிடம் வைப்பது எங்கள் மாநிலத்தில்தான் தொடங்கியது, 2011-ல் சிரக்யூஸ் பக்கத்தில் உள்ள ஃபேயட்வில் பொது நூலகத்தில் என்று நூலகர் சொல்லியிருக்கிறார்.

அந்த மேஜையில் மேக்கி மேக்கி என்று ஒரு சின்ன சர்க்யூட் பலகை உண்டு. கம்ப்யூட்டரில் செருகி, முதலை கிளிப்பால் வாழைப்பழத்தோடு இணைத்தால் வாழைப்பழமே கீபோர்டு பொத்தான் ஆகிவிடும். ஒரு கையில் எர்த் வயரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தொட வேண்டும். பையன் வாழைப்பழத்தில் தொடங்கி, அப்புறம் ரப்பரை வைத்துப் பார்த்தான், வேலை செய்யவில்லை. பென்சிலால் தாளில் அழுத்தித் தீட்டிய கோட்டைத் தொட்டான், சத்தம் வந்தது. உடனே ஏழு கோடு போட்டு ச ரி க ம ப த நி வாசிக்கக் கிளம்பிவிட்டான். ஆனால் பலகையின் முன்பக்கத்தில் தொடுமுனை ஆறுதான். நி-க்கு இடமில்லை. நூலகர் வந்து பலகையைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டி, “இங்கே இன்னும் இருக்கிறது பார், ஆனால் கிளிப் நிற்காது, ஜம்பர் வயர் வேண்டும்” என்று ஒரு வயரைக் கையில் கொடுத்தார். செருகிக் காட்டவில்லை, கொடுத்ததோடு சரி. அவனே ஒவ்வொரு துளையாகத் தேடிச் செருகினான். அன்று வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் விடாமல் பேசினான்.

அடுத்த மார்ச்சில் பள்ளி மாவட்டத்திலிருந்து ஒரு கடிதம். தொடக்கப் பள்ளி நூலகர்கள் இனி இரண்டு பள்ளிக்கு ஒருவர், மேக்கர்ஸ்பேஸ் தொடரும் என்று போட்டிருந்தார்கள். மேஜை தொடரும், ஆள் இருக்க மாட்டார் என்று அதற்கு அர்த்தம். கோவிட் நிவாரணமாக மத்திய அரசு பள்ளிகளுக்குக் கொடுத்த பணத்தை 2024 செப்டம்பர் 30-க்குள் ஒதுக்கி முடிக்க வேண்டும் என்பது விதி. சாமான்களை அதில் வாங்கியிருந்தார்கள், சில சம்பளங்களும் அதில் ஓடியிருக்கின்றன. பணம் நின்றதும் முதலில் கண்ணில் பட்டது நூலகர். இங்கே உயர்நிலைப் பள்ளிகளில் சான்றிதழ் பெற்ற நூலகர் வேண்டும் என்று மாநில விதி இருக்கிறது. தொடக்கப் பள்ளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே பள்ளி மாவட்டம் என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி இல்லை. ஓரிரு ஊர்கள் சேர்ந்தது கூட ஒரு மாவட்டம்தான். மக்கள் தேர்ந்தெடுத்த போர்டு, போர்டு வேலைக்கு அமர்த்திய தலைமை நிர்வாகியான சூப்பரிண்டெண்டன்ட், சொத்து வரியிலிருந்து பெரும்பங்கு பணம். நியூயார்க் நகரம் மாதிரிப் பெரிய ஐந்து நகரங்களைத் தவிர மற்ற இடங்களில் பள்ளி பட்ஜெட்டுக்கே மக்கள் நேராக ஓட்டுப் போடுகிறார்கள், மே மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை. சொத்து வரியை வருஷத்துக்கு எவ்வளவு கூட்டலாம் என்று கட்டுப்படுத்தும், 2011-ல் வந்த வரி உச்சவரம்புச் சட்டம் வேறு இருக்கிறது. பொதுவாக 2 சதவீதம் என்பார்கள், உண்மையில் அது ஒரு கணக்கு, மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். அந்த வரம்பைத் தாண்டினால் 60 சதவீத ஓட்டு வேண்டும். அதனால் எந்த போர்டும் தாண்டப் பயப்படும்.

நான் முதலில் போனது ஏப்ரலில். பெயரை எழுதிக் கொடுத்தேன், மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். கை நடுங்கியது. ஏழாவது வயர் கதையைச் சொன்னேன். போர்டு உறுப்பினர்கள் ஏழு பேரும் கேட்டார்கள், “நன்றி” என்றார்கள், அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். பொதுமக்கள் பேசும் நேரத்தில் போர்டு பதில் சொல்லாது, அதுதான் நடைமுறை என்று எனக்குத் தெரியாது. அழுகை வந்துவிட்டது. வெளியே வரும்போது போர்டு உறுப்பினர் ஒருவர் பின்னாலேயே வந்து, “நீங்கள் சொன்னது எனக்குப் புரிந்தது. ஆனால் இதை ஜனவரியில் வந்து சொல்லியிருக்க வேண்டும்” என்றார்.

எனக்கு யாரும் சொல்லாத விஷயம் இதுதான். ஜனவரியில் கவர்னர் பட்ஜெட் வரும்போது மாநில உதவி எவ்வளவு என்று ஏறத்தாழத் தெரிந்துவிடும். மார்ச் 1-க்குள் வரி வரம்புக் கணக்கை மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பட்ஜெட் பட்டறைகள் நடக்கும், அங்கேதான் ஒவ்வொரு செலவாக வெட்டுவார்கள். எங்கள் ஊரில் அந்தப் பட்டறைகளுக்கு பத்து பேர் கூட வருவதில்லை. ஏப்ரலில் வந்தால் முடிந்த கணக்கைத்தான் பார்க்கலாம்.

அந்த மே மாதம் பட்ஜெட் நிறைவேறியது. நூலகர் வாரத்தில் இரண்டரை நாள் என்றானது. வருஷக் கடைசியில் அந்த மேஜையைப் போய்ப் பார்த்தேன். 3டி பிரிண்டர் மேல் பிளாஸ்டிக் உறை. அதில் உருக்கி வார்க்கும் பிளாஸ்டிக் இழை நாள்கணக்கில் திறந்தே கிடந்து ஈரம் ஏறி, அது வெளிவரும் முனையான நாசில் அடைத்திருந்தது. வயர் டிராயர் டேப் போட்டு ஒட்டியிருந்தது. சாமான் எதுவும் காணாமல் போகவில்லை, எல்லாம் அப்படியே இருந்தன. பிள்ளைகளைத்தான் காணவில்லை.

அடுத்த ஜனவரியில் ஆறு குடும்பம் சேர்ந்து போனோம். நூலகர் வரும் நாளில் எத்தனை வகுப்பு அந்த மேஜைக்கு வந்தது, வராத நாளில் எத்தனை என்று ஆசிரியர்களிடம் கேட்டு ஒரே தாளில் எழுதிக் கொடுத்தோம். மூன்று பட்டறைக்கும் போனோம். இப்போது வாரம் நாலு நாள். ஐந்தாவது நாள் இன்னும் வரவில்லை.

பதில்: கலிஃபோர்னியா

படித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அக்கா. எங்கள் கதையில் பேசியது நானில்லை, என் அம்மா.

அம்மா திண்டுக்கல்லில் முப்பது வருஷம் தையல் கடை வைத்திருந்தார். இங்கே எங்களோடு வந்த பிறகு வீட்டில் அடைந்தே கிடந்தார். மகள் பள்ளி நூலகத்தின் மேக்கர்ஸ்பேஸில் இரண்டு தையல் மிஷின் வாங்கி வைத்து, சொல்லித்தர ஆள் இல்லாமல் கிடப்பதாகக் கேள்விப்பட்டேன். தன்னார்வலர் படிவம், காசநோய்ப் பரிசோதனை, கைரேகை எல்லாம் முடிக்கவே ஒரு மாதம். அப்புறம் செவ்வாய்தோறும் அம்மா போனார். அவருக்கு ஆங்கிலம் பத்து வார்த்தை. பிள்ளைகள் துணியைப் பிடித்து இழுத்தால் அவர்கள் கையின் மேல் தன் கையை வைத்து, “விடு கண்ணு, கீழே இருக்கிற பல்லே துணியைத் தள்ளும்” என்று தமிழிலேயே சொல்வார். புரிந்துகொண்டார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பாபின் சுற்றி, நூல் கோர்த்து, ஜிப் வைத்த பென்சில் பை வரை வந்துவிட்டார்கள்.

அப்போதுதான் நாலு வயதுப் பிள்ளைகளுக்கான டிகே வகுப்புக்கு அறை வேண்டும் என்று வந்தது. 2025–26 கல்வியாண்டுக்குள் நாலு வயதான எல்லாக் குழந்தைக்கும் டிகே இடம் தர வேண்டும் என்பது மாநிலத் திட்டம். நல்ல திட்டம்தான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நூலகத்தை அரை அறைக்கு மாற்றி, மேக்கர் மேஜைகளை எடுத்துவிடுவது என்ற யோசனை கூட்ட அஜெண்டாவில் வந்திருந்தது. உள்ளூர் அமைப்புகளின் கூட்டங்கள் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று 1953-லிருந்து இருக்கும் பிரவுன் சட்டப்படி வழக்கமான கூட்டத்தின் அஜெண்டாவை 72 மணி நேரம் முன்னாலேயே ஒட்டியாக வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு அதைப் பார்த்தேன், செவ்வாய்க்கிழமை கூட்டம்.

அம்மா தானே பேசுவதாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசுகிறவருக்குக் குறைந்தது இரட்டிப்பு நேரம் தர வேண்டும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. கிளார்க்கிடம் எடுத்துச் சொன்னேன், மூன்று நிமிஷம் ஆறானது. அம்மா தன் பையிலிருந்து ஒரு பென்சில் பையை எடுத்து உயர்த்திக் காட்டினார். தையல் கோணல்மாணலாக ஓடியிருக்கும். “இதைத் தைத்த பையன் மூன்று முறை பிரித்தான். நான் ஒரு தடவை கூடப் பிரிக்கச் சொல்லவில்லை. அவனுக்கே கோணல் தெரிந்தது. இந்த மேஜையை எடுத்துவிட்டால் அவனுக்கு அது எங்கே தெரியும்?” என்றார். நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள்ளேயே போர்டு தலைவர் அந்தப் பையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

அன்று முடிவெடுக்கவில்லை, தள்ளிவைத்தார்கள். பிள்ளைகள் எல்லாருக்கும் லேப்டாப் கொடுத்த பிறகு பழைய கம்ப்யூட்டர் அறை சும்மா கிடந்தது. இரண்டு கூட்டம் கழித்து டிகே வகுப்பு அங்கே போனது. நூலகம் தப்பியது. இப்போது மாவட்டத்தின் எல்கேப் திட்டத்தில், அதாவது மாவட்டத்தின் இலக்குகளையும் செலவுகளையும் சொல்லும் திட்டத்தில், நூலக நேரத்தையும் ஓர் அம்சமாகச் சேர்க்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதை ஜூலை 1-க்குள் நிறைவேற்ற வேண்டும், அதற்கு முன் மக்கள் கருத்துக் கேட்டாக வேண்டும். இதுவும் மார்ச், ஏப்ரலிலேயே பிடிக்க வேண்டிய வேலை. அக்கா சொன்னது அப்படியே பொருந்தும்.

பதில்: டெக்சாஸ்

எங்கள் மாவட்டத்தில் பாண்டு ஓட்டெடுப்பு நடந்தது, அதாவது கட்டடம், கருவிகளுக்காக மாவட்டம் கடன் வாங்கலாமா என்று மக்களிடம் கேட்பது. நானும் ஆதரித்துத் தெருத்தெருவாகப் போனேன். 2019 முதல் பள்ளி பாண்டு வாக்குச்சீட்டில் ‘இது சொத்து வரி உயர்வு’ என்று அச்சிட்டே ஆக வேண்டும், அதைப் பார்த்துப் பலர் தயங்கினார்கள். இருந்தும் ஜெயித்தது. நூலகத்துக்குள் கண்ணாடிச் சுவர் போட்ட அறை, லேசர் கட்டர், அழகான நாற்காலிகள். திறப்பு விழாவுக்குக் குடும்பத்தோடு போனோம்.

பாண்டு பணத்தில் கட்டடம் கட்டலாம், கருவி வாங்கலாம், சம்பளம் கொடுக்க முடியாது. இது ஜெயித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சம்பளம் வேறு கணக்கு, அந்தக் கணக்கில் பணம் இல்லை. லேசர் கட்டரைப் பயிற்சி பெற்றவர் இல்லாமல் இயக்கக் கூடாது, அது நியாயம். ஏப்ரல், மே மாதம் முழுக்க அந்த அறை ஸ்டார் என்ற மாநிலத் தேர்வுக்கான அறையாகிவிடுகிறது. மகள் இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு சாவிக்கொத்து வெட்டியிருக்கிறாள். அடுத்த முறை யாராவது பாண்டுக்கு ஆதரவு கேட்டு வந்தால், ‘இந்த அறையில் யார் நிற்பார்கள், அவர் சம்பளம் எந்தக் கணக்கு’ என்று முதலிலேயே கேட்பேன். நீங்களும் கேளுங்கள்.

போர்டு இருப்பதே ஒரு பலம் என்பதையும் இங்கே பார்த்தோம். மாநிலத்தின் மிகப் பெரிய மாவட்டமான ஹூஸ்டனில், 2023 ஜூன் 1 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டின் இடத்தில் மாநிலக் கல்வி முகமை 9 பேர் கொண்ட நியமனக் குழுவை அமர்த்தியது. அதன் பிறகு மாவட்டத்தின் புதிய சீர்திருத்தத் திட்டத்துக்குள் வந்த பல பள்ளிகளில் நூலகர் பணியிடங்களை எடுத்துவிட்டார்கள். பெற்றோர் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார்கள். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் இல்லை. என் மாவட்டம் அது இல்லை என்றாலும், அதைப் பார்த்த பிறகு நான் ஒரு போர்டு தேர்தலைக் கூட விடுவதில்லை.

பதில்: நியூஜெர்சி

ஒரு சந்தேகம். நான் எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். கூட்டத்தில் பேசினால் ஏதும் பிரச்சினை வருமா? இதனாலேயே இதுவரை போகவில்லை.

முதல் பதிவிட்டவரின் பதில்

நானும் எச்1பி-தான் சகோ. ஓட்டுப் போட முடியாது, அதற்குக் குடியுரிமை வேண்டும். பேசுவதற்கு யாரும் விசா கேட்கவில்லை. பெயர், ஊர், எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள், இவ்வளவுதான் சீட்டில் எழுதச் சொன்னார்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: பேசும் உரிமை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் அது சட்டத்திலேயே இருக்கிறது. நியூயார்க்கில் கூட்டத்தைப் பார்க்கத்தான் சட்டப்படி உரிமை, பேச நேரம் தருவது அந்தந்த போர்டின் விதி. உங்கள் மாவட்ட இணையதளத்தில் கொள்கைப் பக்கம் இருக்கும், போவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள். முதல் முறை பேசாமல் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாலும் போதும். யார் கேள்வி கேட்கிறார், யார் தாளைப் புரட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்துகொண்டால் அடுத்த முறை யாரைப் பார்த்துப் பேசுவது என்று தெரியும்.

திண்டுக்கல் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் பென்சில் பையைக் காட்டிய கதையை இங்கே வீட்டில் வாசித்துக் காட்டினேன். பையன் உள்ளே போய் அந்த ஏழு கோட்டுத் தாளைத் தேடி எடுத்து வந்தான், ஓரம் கிழிந்து பென்சில் கரி கொஞ்சம் அழிந்திருக்கிறது. இந்த ஜனவரிக் கூட்டத்தில் தானே பேசி, வாசித்தும் காட்டுகிறேன் என்கிறான். மேஜையில் லேப்டாப்பும் மேக்கி மேக்கியும் வைக்க அனுமதி உண்டா என்று மாவட்ட கிளார்க்குக்கு இப்போதுதான் மெயில் அனுப்பினேன். கோடுகளை இன்று ராத்திரி மறுபடி அழுத்தித் தீட்டப் போகிறானாம்.