தமிழ் நூல்களுக்கான பட்டியலாக்க விதிகள்: பழையதைத் தொடர்வதா, புதியதற்கு மாறுவதா?

கேள்வி: கல்லூரி நூலகர், மதுரை மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். மதுரைக்கு மேற்கே உள்ள ஒரு கலைக் கல்லூரியில் நூலகராகப் பணியாற்றுகிறேன். எங்கள் அட்டைப் பட்டியலைக் கணினிக்கு மாற்றும் பணி சென்ற ஆண்டு தொடங்கியது. ஆங்கில நூல்கள் சிக்கலின்றி ஏறிவிட்டன. தமிழ் நூல்களில் வந்து நிற்கிறோம்.

நடந்த ஒன்றைச் சொன்னால் சிக்கல் விளங்கும். முதலாமாண்டுத் தமிழ் மாணவி ஒருவர் தேடுகணினியில் ‘சிலப்பதிகாரம்’ என்று தமிழில் தட்டச்சு செய்தார். ‘பதிவுகள் இல்லை’ என்று விடை வந்தது. என் இருக்கைக்குப் பின்னால் உள்ள அலமாரியில் அந்த நூலின் ஆறு படிகள் இருந்தன. பழைய இழுப்பறையைத் திறந்து, கம்பியில் கோத்த அட்டைகளைத் தள்ளி, அரை நிமிடத்தில் எடுத்துக் காட்டினேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். எனக்குத்தான் அன்று முழுவதும் மனம் ஆறவில்லை.

காரணத்தைத் தேடிப் பார்த்தேன். பதிவேற்றும் பணியை ஏற்றிருந்த தனியார் நிறுவனம் நூலைக் கையில் எடுத்துப் பார்க்காமலே, நூலகங்கள் பதிவுகளைத் தேடிப் பெறும் இசட் 39.50 என்னும் நெறிமுறை வழியாக அமெரிக்க நூலகங்களின் பதிவுகளை இறக்கி எங்கள் நூலக மென்பொருளான கோஹாவில் ஏற்றியிருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1960களில் பி.எல். 480 என்னும் அமெரிக்க உணவு உதவித் திட்டத்தின் கீழ் இந்திய மொழி நூல்களைப் பெறத் தொடங்கியதால், தமிழ் நூல்களுக்கு அங்கே ஏராளமான பதிவுகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் நான் பார்த்தவை எல்லாம் ரோமன் எழுத்தில் ஒலிபெயர்க்கப்பட்டவை. அந்த முறையில் தகரத்துக்கு ‘t’ என்னும் ஒரே ரோமன் எழுத்துதான். எனவே மதுரை என்ற ஊர்ப்பெயர் ‘Maturai’ என்று வருகிறது. மதுரையில் பிறந்து வளர்ந்த எவரும் அவ்வாறு எழுதித் தேடமாட்டார்.

பெயர்களிலும் இதே நிலைதான். உ. வே. சாமிநாதையரின் பதிப்புகள் எங்கள் பட்டியலில் நான்கு இடங்களில் கிடக்கின்றன: ‘சாமிநாதையர், உ. வே.’, ‘சுவாமிநாத ஐயர், உ. வே.’, ‘உ. வே. சாமிநாதையர்’, இவற்றோடு யாரோ கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கருதிப் பதிந்த ‘ஐயர், சாமிநாத’.

நான் படித்தபோது எங்களுக்குக் கற்பித்தது 1978இல் வெளிவந்த ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளின் இரண்டாம் பதிப்பு. 2010இல் அதற்கு மாற்றாக ஆர்.டி.ஏ. என்னும் புதிய விதித்தொகுப்பு வந்தது, அதுவும் 2020 டிசம்பரில் அடியோடு வேறு வடிவத்துக்கு மாறியது. நூற்பதிவுகளை எண்ணிட்ட புலங்களாகப் பிரித்துக் கணினியில் வைக்கும் மார்க் 21 வடிவத்துக்கு மாற்றாக 2011இல் தொடங்கப்பட்ட பிப்ஃபிரேம் முயற்சி ஒருபுறம் நடக்கிறது. ‘எந்த விதியைப் பின்பற்றுகிறீர்கள் என்று எழுத்தில் தாருங்கள்’ என்று நிர்வாகம் கேட்கிறது. அட்டைப் பெட்டிகளை அப்புறப்படுத்தும் பேச்சும் எழுந்திருக்கிறது. பட்டறிவு உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற நூலகர், மதுரை

அம்மா, உங்கள் மடலில் இரண்டு வேறு குறைகள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

‘ஐயர், சாமிநாத’ என்பது விதியால் வந்த பிழை அன்று. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்குப் பெயர்களில் குடும்பப் பெயர் இல்லாவிட்டால் இயற்பெயரையே தலைப்பாக, அதாவது பதிவை வரிசைப்படுத்தும் முதற்சொல்லாகக் கொள்ள வேண்டும் என்றும், அதற்கு முன் ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் வரக்கூடும் என்றும், பின்னால் சாதிப்பெயர் வரக்கூடும் என்றும் 1978ஆம் ஆண்டு விதிநூலே சொல்கிறது. உத்தமதானபுரம் ஊர், வேங்கடசுப்பையர் தந்தை, சாமிநாதையர் பெயர். பதிந்தவர் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை, அவ்வளவுதான். எந்தப் புதிய தரம் வந்தாலும் படிக்காமல் பதிகிறவரிடமிருந்து அது நம்மைக் காப்பாற்றாது.

நம் மண்ணில் பிறந்த நூலக அறிவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1934இலேயே வகைப்படுத்திய பட்டியலாக்க விதிநூலை வெளியிட்டார். அவருடைய பெயரிலும் ‘எஸ்’ என்பது சீர்காழியையும் ‘ஆர்’ என்பது தந்தையாரையும் குறிப்பன. முன்னெழுத்து எது, பெயர் எது என்பது அவருக்கு ஏட்டறிவாக மட்டும் இருந்திருக்காது. பட்டியலாக்கத்துக்கு அவர் வகுத்த நெறிகளில் ஒன்று, வாசகர் எந்தச் சொல்லைக் கொண்டு தேடி வருவாரோ அதுவே தலைப்பாக வேண்டும் என்பது. உங்கள் மாணவி எந்தச் சொல்லைக் கொண்டு தேடினார்? தமிழ் எழுத்தில் ‘சிலப்பதிகாரம்’ என்று. எனவே தமிழ் நூலுக்குத் தமிழ் எழுத்தே முதன்மை. இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

ஆயினும் ஆர்.டி.ஏ.வை முற்றாக ஒதுக்கிவிட வேண்டாம். பழைய விதிப்படி நான்கு பேரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து எழுதிய நூலில் முதலாமவரை மட்டும் குறித்து, மற்றவர்களை ‘பிறர்’ என்று விட்டுவிடுவோம். தமிழ்த் துறைகள் வெளியிடும் கருத்தரங்கத் தொகுப்புகளில் எத்தனை பேருடைய உழைப்பு இவ்வாறு மறைந்துபோனது என்று எண்ணினால் வருத்தமாக இருக்கிறது. ஆர்.டி.ஏ. அந்த வரம்பை எடுத்துவிட்டது. பதிப்பிடம் தெரியாத தமிழ் நூலுக்கு நாங்கள் ‘எஸ். எல்.’ என்ற லத்தீன் சுருக்கத்தை எழுதிக்கொண்டிருந்தோம். ‘பதிப்பிடம் அறியப்படவில்லை’ என்று தமிழிலேயே எழுதினால் வாசகருக்கு விளங்கும்.

நூலில் உள்ளதை உள்ளவாறே படியெடுக்கும் கொள்கைக்கு ஆர்.டி.ஏ. கூடுதல் அழுத்தம் தருகிறது. அதன் அருமை பழைய நூல்களைக் கையாள்பவருக்குத்தான் தெரியும். ஒரு காலத்தில் புதுமண்டபத்துக் கடைகளில் விற்ற பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பின் உச்சியில் ‘பெரிய எழுத்து’ என்று இருக்கும். அதன் கீழே கதையின் பெயர். பிறகு ‘இஃது இன்னாரால் பார்வையிடப்பட்டு இன்ன அச்சுக்கூடத்தில் பதிப்பிக்கப்பட்டது’ என்று ஒரு நெடும் வாக்கியம். அடியில் ‘சுபகிருது வருடம்’. அந்தப் பெயருடைய ஆண்டு அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும்: 1902-03ஆகவும் இருக்கலாம், 1962-63ஆகவும் இருக்கலாம். தாளையும் அச்சையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நூலில் உள்ள ‘சுபகிருது’ என்பதை அப்படியே பதிந்து, நாம் ஊகித்த ஆங்கில ஆண்டைப் பகர அடைப்புக்குள் இட வேண்டும். ஊகம் தவறாக இருந்தால் பின்னால் வருபவர் திருத்துவதற்கு மூலச்சொல் அங்கே இருக்கும். ‘பெரிய எழுத்து’ என்பதையும் நூற்பெயரில் வைத்து, அது இல்லாத வடிவத்தை மாற்று நூற்பெயருக்கான 246ஆம் புலத்தில் கூடுதலாகத் தாருங்கள்.

ஆர்.டி.ஏ.வின் விதித்தொகுப்பு ஆண்டுச் சந்தாவில் கிடைப்பது. ஒரு கல்லூரிக்கு அந்தச் செலவு தேவை என்று நான் கருதவில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியவற்றை எடுத்து, உங்கள் நூலகத்துக்கான விதிகளை இருபது பக்கக் குறிப்பேட்டில் தமிழில் எழுதி, எடுத்துக்காட்டுகளோடு நிர்வாகத்திடம் தாருங்கள். அடுத்து அந்த நாற்காலியில் அமர்பவருக்கும் அது பயன்படும்.

மறுமொழி: மின்பட்டியல் பணியாளர், மதுரை

ஐயா கூறியவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். சரியான தலைப்பு எது என்ற வழக்கில் நாம் நெடுங்காலத்தைச் செலவிட்டுவிட்டோம். அட்டைக்கு ஓர் இடம்தான் உண்டு என்பதால் அந்த வழக்கு அன்று தேவைப்பட்டது. உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லா 2017இல் வெளியிட்ட நூலக மேற்கோள் மாதிரி (எல்.ஆர்.எம்.), ஆளையும் ஆளின் பெயரையும் தனித்தனிப் பொருள்களாகவே வைக்கிறது. ஒருவருக்கு எத்தனை பெயரும் இருக்கலாம். அத்தனையும் ஒரே ஆளைச் சுட்ட வேண்டும் என்பதே முக்கியம். கல்கி என்று தேடினாலும் ரா. கிருஷ்ணமூர்த்தி என்று தேடினாலும் ஒரே எழுத்தாளரிடம் போய்ச் சேர வேண்டும்.

இதற்குப் பிப்ஃபிரேம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சாமிநாதையருக்கு ஒரு பெயர் ஆதாரப் பதிவு உருவாக்குங்கள். 100ஆம் புலத்தில் ஒரு வடிவம், 400ஆம் புலங்களில் மற்ற வடிவங்கள், ரோமன் வடிவங்கள் உட்பட. அந்த மாற்று வடிவங்களையும் தேடலில் சேர்த்துக்கொள்ளும் அமைப்பு கோஹாவில் இருக்கிறது; நாம்தான் அதை இயக்கிவைக்க வேண்டும். ஒழுங்கான மார்க் பதிவுகளைப் பிப்ஃபிரேமுக்கு மாற்றும் நிரல்களைக் காங்கிரஸ் நூலகமே வெளியிட்டிருக்கிறது. ஆகவே இன்று தூய்மையாகச் செய்கிற எந்த வேலையும் வீண்போகாது. தமிழை நேரடியாக நூற்பெயருக்கான 245ஆம் புலத்தில் இடுவதையும், ரோமனை முதன்மையாக்கித் தமிழை 880ஆம் புலத்தில் இணைப்பதையும் மார்க் 21 ஒருசேர அனுமதிக்கிறது. முதலாவதைத் தேர்ந்தெடுங்கள்.

எனக்குப் பெருங்கவலை எழுத்துக் குறியீட்டில்தான். ‘கௌரி’ என்று ஒருவர் ஔகாரக் குறியிட்டுப் பதிகிறார். இன்னொருவர் எகரக் கொம்போடு ளகரத்தைச் சேர்த்து ‘கெளரி’ என்று பதிகிறார். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். கணினிக்கு இரண்டும் வேறு சொற்கள். அகர வரிசையும் அப்படியே. ஒருங்குறியின் எண் வரிசையில் னகரம் பகரத்துக்கு முன்பும், றகரம் லகரத்துக்கு முன்பும், ழகரம் வகரத்துக்கு முன்பும் இருப்பதால், தமிழ் வரிசை அறியாத மென்பொருள் ‘பழம்’ என்பதைப் ‘பவளம்’ என்பதற்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும். கோஹாவை நிறுவும்போது ஒருங்குறி எழுத்துகளைக் கையாளும் ஐ.சி.யு. முறையிலான சொல்லடைவைத் தேர்ந்தெடுத்தார்களா என்று பாருங்கள். தமிழ்த் தேடல் சரியாக நடக்க அது இன்றியமையாதது.

ஏற்கெனவே இறக்கிய பதிவுகளை அழித்துவிட வேண்டாம். காங்கிரஸ் நூலக ஒலிபெயர்ப்பு ஏறத்தாழ எழுத்துக்கு எழுத்து நேரானது. எனவே சிறு நிரல் ஒன்றினால் பெரும்பகுதியைத் தமிழுக்கு மீட்டுவிடலாம். அதற்கு எழுத்துகளின் கீழ் உள்ள கோடுகளும் புள்ளிகளும் பிழைத்திருக்க வேண்டும். ஏற்றும்போது அவை உதிர்ந்திருந்தால் ‘பழம்’, ‘பலம்’ இரண்டும் ஒன்றாகிவிடும்; பிறகு நூலைக் கையில் எடுத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. முதலில் அதைச் சோதியுங்கள்.

மறுமொழி: ஆய்வாளர், நாகமலை

நான் நூலகர் அல்லேன். பதிப்பு வரலாற்றில் ஆய்வு செய்பவன். அட்டைகளை அப்புறப்படுத்தும் பேச்சைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பழைய நூலகம் ஒன்றில் ஓர் அட்டையின் பின்புறம் ‘இப்படியில் முன்னுரை வேறு, முந்திய பதிப்போடு ஒப்பிடுக’ என்று பென்சிலால் எழுதிய குறிப்பு எனக்குக் கிடைத்தது. எழுதியவர் பெயர் இல்லை. என் ஆய்வில் ஓர் இயல் அந்த ஒற்றை வரியிலிருந்து விரிந்தது. கணினிப் பதிவில் அந்த வரி ஏறவில்லை, ஏனெனில் பதிந்தவர்கள் அட்டையின் முன்புறத்தை மட்டுமே பார்த்தார்கள். இரு புறமும் ஒளிப்படம் எடுத்து, இத்தகைய குறிப்புகளைப் பொதுக் குறிப்புக்கான 500ஆம் புலத்தில் சேர்க்கும்வரை ஒரு பெட்டியும் வெளியே போகக் கூடாது.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. 1901இல் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கத்தோடு தொடங்கிய பாண்டியன் புத்தகசாலை முதல் 2023இல் நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் வரை, இந்த ஊரில் வாசகர் ஒருவரே பல நூலகங்களுக்குப் போகிறார். ஒவ்வோரிடத்திலும் ஒரே ஆசிரியரின் பெயரை வெவ்வேறு வடிவத்தில் தேட வேண்டிய நிலை நீங்க, பெயர்க் கோப்பு ஒன்றாவது பொதுவாக இருக்கட்டும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் என் நன்றி. நேற்று மாலை ஐம்பது பதிவுகளைத் திறந்து பார்த்தேன். முதல் தவணையில் ஏற்றியவற்றில் குறிகள் அப்படியே இருக்கின்றன. இரண்டாம் தவணையில் ஏற்றியவற்றில் உதிர்ந்துவிட்டன. ‘பள்ளு’ என்பதும் ‘பல்லு’ என்பதும் ஒரே எழுத்துகளில் நிற்கின்றன. முதல் தவணையை நிரல் வழியே மீட்கவும், இரண்டாவதை நூலைப் பார்த்துப் புதிதாகப் பதியவும் முடிவு செய்துள்ளேன்.

விதிக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தைத் தொடங்கிவிட்டேன். தமிழ் எழுத்தே முதன்மை, இயற்பெயரே தலைப்பு, மற்ற வடிவங்கள் அனைத்தும் பெயர் ஆதாரப் பதிவில் என்பவை அதில் ஏறிவிட்டன. ‘சாமிநாதையர்’ என்பதை ஒரே சொல்லாக எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்பதில் மட்டும், அவருடைய பதிப்புகளின் முகப்புகள் சிலவற்றை ஒப்பிட்ட பிறகே தீர்மானிப்பேன். அட்டைகளின் பின்புறத்தையும் இன்று காலை திருப்பிப் பார்த்தேன். முதல் இழுப்பறையிலேயே பதினொரு அட்டைகளில் பென்சில் குறிப்புகள் இருந்தன. அவற்றைப் படம் எடுத்து, பெட்டிகளைக் கேட்டு அனுப்பிய கடிதத்துக்கான பதிலோடு நிர்வாகத்துக்கு இணைத்திருக்கிறேன்.