பாலைவன எஃகுத் தகடுகளையும் மகளையும் ஒரே படத்தில் எடுக்க ஆலோசனை தேவை

நண்பர்களுக்கு வணக்கம். கத்தாரின் ஜிக்ரீத் பாலைவனத்தில் 2014ஆம் ஆண்டு சிற்பி ரிச்சர்ட் செர்ரா நிறுவிய நான்கு எஃகுத் தகடுகளைப் படமெடுக்க, வரும் வெள்ளிக்கிழமை என் ஏழு வயது மகளுடன் மீண்டும் செல்லவிருக்கிறேன். ஒரு கிலோமீட்டருக்கும் மேலான தூரத்தில் வரிசையாக நிற்கும் அவை ஒவ்வொன்றும் 14 மீட்டருக்கும் அதிக உயரம் கொண்டவை என்பதால், சென்ற முறை அகலக்கோண லென்ஸில் மகள் எறும்பளவாகிப் போனாள். அவளருகில் சென்று எடுத்தாலோ, தகடு வெறும் பழுப்புச் சுவராகத் தெரிந்தது. (அவளுக்கு அந்த எறும்புப் படம்தான் பிடித்திருக்கிறது என்பது வேறு விஷயம்.) தொலைவிலிருந்து 200 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தால் நான்கு தகடுகளும் நெருங்கித் தெரிந்து, அவள் உருவமும் தெளிவாக அமையுமா? வெளிர் மணலின் பளபளப்பால் முகம் இருண்டுவிடாமலிருக்க எக்ஸ்போஷரை எவ்வளவு கூட்டலாம்? வெயில் ஏறுமுன் முடித்துவிட எண்ணுவதால், எந்தத் தகட்டிலிருந்து தொடங்குவது நல்லது என்பதையும் அங்கு சென்றவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.