பொருள்: ஃபியூமுக்குத் தமிழ்ச்சொல் (அவசரம்)

கோத்தகிரியிலிருந்து:
வணக்கம். எங்கள் பாலிடெக்னிக்கில் மரவேலைக்கும் வெல்டிங்குக்கும் ஒரே கூடம். திங்களன்று எச்சரிக்கைப் பலகை ஏற வேண்டும். டஸ்ட் தூசு, வேப்பர் ஆவி, ஸ்மோக் புகை. ஃபியூம்? ஜி.ஐ. குழாயை (துத்தநாகம் பூசிய இரும்பு) பற்றவைக்கும்போது வெள்ளையாக எழும்புமே, அது. புகை என்றால் ஜன்னலைத் திறந்தால் போதும் என்கிறார்கள் பையன்கள். இந்தக் குளிரில் அதையும் திறப்பதில்லை.

குன்னூர்:
உலோகப்புகை. முடிந்தது.

உதகை:
முடியவில்லை ஐயா. புகை என்பது முற்றும் எரியாத கரி. இங்கே துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகி, ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒரு மைக்ரானுக்கும் சிறிய திடத்துகளாக உறைகிறது. ஆகவே 'உறைபுகை'. உறைபனி கண்ட ஊர்களுக்கு விளக்கவா வேண்டும்? வினைத்தொகை, வலி மிகாது. 'உறைப்புகை' என்று யாரும் திருத்த வேண்டாம்.

கூடலூர்:
உறைதல் தங்குதலும்தானே? ஃபேன் ஓடாத பட்டறைக்கு அதுவும் பொருத்தம்! ஆனால் பழஞ்சொல்லே இருக்கிறது. குறுந்தொகை 167: தலைவியின் கண்ணில் நிறையும் 'குய்ப்புகை'. தாளிப்பில் எழுவது, எரிந்து வருவதல்ல. 'சொய்' என்ற ஓசைக்கும் குய்க்கும் உறவு இருக்கலாம் என்பது என் ஊகம். 'உலோகக்குய்' என்போம்.

குன்னூர்:
பலகையில் குய் என்று எழுதினால் பையன் கடுகைத் தேடுவான். பெயர் எதுவானாலும் இதையும் எழுதுங்கள். பற்றவைக்குமுன் இருபுறமும் 5 செ.மீ. பூச்சைத் தேய்த்தெடுக்க வேண்டும், மாஸ்க்கோடு. உறிஞ்சுகுழாயின் வாய் அதன் விட்டத்தளவு தள்ளிப்போனாலே இழுவேகம் சுமார் பத்தில் ஒன்றாகிவிடும், ஒட்டிவையுங்கள். தலைக்கு மேல் தொங்கவிட்டால் முகத்தைக் கடந்துதான் மேலேறும், பக்கவாட்டில் வையுங்கள். மரத்தூள் இழுக்கும் குழாயோடு இணைக்கவே கூடாது: ஒரு பொறி போனால் தூள் சேரும் பைக்குள் சில்வர் ஓக் தூள் கனன்றுகொண்டிருக்கும், பூட்டிவிட்டுப் போனபின் பற்றும். துணி மாஸ்க் உதவாது. என்95 துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. இதைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் 4 முதல் 10 மணி நேரம் கழித்தே வரும். மலையில் சளிக்காய்ச்சல் என்று மாத்திரை போட்டுப் படுத்துவிடுவார்கள். பால் குடித்தால் சரியாகும் என்பது வெறும் பட்டறை நம்பிக்கை.

கோத்தகிரி:
நன்றி. தனிமடலிலும் பலர் உலோகப்புகை என்றே சொல்கிறார்கள். பெயிண்டருக்கு அதையே கொடுத்துவிட்டேன்.

உதகை:
கொடுங்கள். ஆனால் சாலிடரிங் மேசையில் எழுவது பெரும்பாலும் ரோசின், அதாவது ஈயக்கம்பியோடு சேர்ந்து உருகும் பைன் பிசின். 350 டிகிரியில் ஈயம் ஆவியாவதில்லை. அங்கேயும் 'உலோகப்புகை' ஒட்டுவீர்களா? என் ஓட்டு உறைபுகைக்கே.

கூடலூர்:
அதற்குத்தான் குய் என்றேன்.