புதுப்பிப்பு: பினாங்கில் சொந்த ஆலிவ் எண்ணெய் பிராண்ட்

இரண்டு மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன், ஸ்பெயினிலிருந்து ஆலிவ் எண்ணெயை மொத்தமாக வரவழைத்து, பட்டர்வொர்த்தில் போத்தலில் அடைத்து விற்கலாமா என்று. "முதலில் ஆய்வக அறிக்கையைக் கேளுங்க தம்பி" என்று ஓர் அண்ணன் எழுதியிருந்தார். அவருக்கு மனமார்ந்த நன்றி.

கேட்டேன். எக்ஸ்ட்ரா விர்ஜின், அதாவது முதல் தர ஆலிவ் எண்ணெய் என்றால் அமிலத்தன்மை 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எண்ணெய் கெடத் தொடங்கியதைக் காட்டும் பெராக்சைடு அளவு 20க்குள் இருக்க வேண்டும். முதல் விற்பனையாளரின் அறிக்கையில் அறுவடைத் தேதியே இல்லை. சரி, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது மாதிரி ஸ்பெயினின் ஹாயேன் பகுதியிலிருந்து வந்தது, பிக்குவால் என்ற ஆலிவ் வகை. கரண்டியில் ஊற்றிக் குடித்ததும் பச்சைப் புல் வாசம், அப்புறம் தொண்டையில் மிளகு போல ஒரு காரல். அம்மா இருமியே விட்டார். அந்தக் காரல் ஆலிவில் இருக்கும் பாலிபினால்கள் என்ற இயற்கைச் சேர்மங்களால் வருவது, புது எண்ணெயில்தான் நன்றாகத் தெரியும்.

ஒரு தவறும் செய்தேன். வெள்ளைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி ஜன்னலோரம் மூன்று வாரம் வைத்ததில், வெயில் பட்டு பழைய வேர்க்கடலை வாடை வந்துவிட்டது. இனி கரும்பச்சைப் போத்தல்தான், அதுவும் 250 மில்லி மட்டும்.

எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) தொழில் பதிவு முடிந்தது. வணிகச் சின்னத்துக்கு மைஐபிஓவில் (மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம்) அடுத்த வாரம் விண்ணப்பிக்கிறேன். லிட்டில் இந்தியாவில் இரண்டு மளிகைக் கடைக்காரர்கள் மாதிரி கேட்டிருக்கிறார்கள்.