‘ஸ்டோனர்’ எழுதிய ஜான் வில்லியம்ஸ் பற்றிப் பேச வேண்டும், எங்கே தொடங்கலாம்?

அல்சூர்வாசி:
அடுத்த மாதம் எங்கள் தமிழ் வாசிப்பு வட்டத்தில் இருபது நிமிடப் பேச்சு. ‘ஸ்டோனர்’ நாவலைப் படித்தாயிற்று. அது அவர் சொந்தக் கதையா? வேறு எதைப் படிக்கலாம்? கூகுளில் தேடினால் ஒன்றுக்கொன்று ஒட்டாத தகவலாக வருகிறது.

பனசங்கரி பாலு:
ஒட்டாது சார். ஜான் ஏ. வில்லியம்ஸ் என்று இன்னொரு நாவலாசிரியர் உண்டு, கறுப்பினத்தவர், அவரும் ஆங்கிலப் பேராசிரியர். போதாததற்கு அதே பெயரில் ஹாலிவுட் சினிமா இசையமைப்பாளர் வேறு. ‘ஜான் எட்வர்ட் வில்லியம்ஸ், டென்வர்’ என்று தேடுங்கள். 1922இல் டெக்சாஸில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க விமானப்படை ஆளாக இந்தியா, பர்மா பக்கம் இருந்தார். முதல் நாவலை எழுதியதும் அப்போதுதான். நம்மவர்கள் நிமிர்ந்து உட்காரும் இடம் இது. 1954இல் மிசௌரி பல்கலையில் முனைவர் பட்டம், அடுத்த ஆண்டே டென்வர் பல்கலை, ஓய்வு 1985இல். மறைவு 1994.

மல்லேஸ்வரம் வாசகி:
சொந்தக் கதை இல்லை. நாவலின் நாயகன் ஸ்டோனர் முதல் உலகப் போரில் படையில் சேர மறுத்தவர், கடைசிவரை உதவிப் பேராசிரியர். வில்லியம்ஸ் போருக்குப் போனவர், டென்வரில் படைப்பெழுத்துத் துறையையே நடத்தியவர். புத்தக முகப்பில், மிசௌரி நண்பர்களுக்கான சமர்ப்பணத்திலேயே, ‘எல்லாம் கற்பனை’ என்று சொல்லிவிடுகிறார். அந்தப் பக்கத்தை யாரும் நின்று படிப்பதில்லை!

இருவருக்கும் ஒத்துப்போவது அவர்கள் நடத்திய பாடம்தான். மறுமலர்ச்சிக் கால ஆங்கிலக் கவிதைக்கு 1963இல் ஒரு தொகுப்பே போட்டவர் வில்லியம்ஸ். வேளாண்மை படிக்க வந்த ஸ்டோனரிடம் ஷேக்ஸ்பியரின் 73ஆம் சானெட்டுக்கு (பதினான்கு வரிக் கவிதை) பொருள் கேட்கிறாரே ஆங்கில ஆசிரியர் ஸ்லோன், அந்த வகுப்பறைக் காட்சியை மேடையில் வாசியுங்கள். பையனுக்குப் பேச்சே வரவில்லை. வாழ்க்கை அங்கே திரும்புகிறது. பேச்சின் பாதியை அதற்கே கொடுக்கலாம்.

பனசங்கரி பாலு:
அடுத்து ‘புட்சர்ஸ் கிராஸிங்’ (1960). எருமைத் தோல் வேட்டை, பனியில் மாட்டிக்கொள்வது, திரும்பினால் தோலுக்கு விலையே இல்லை. ‘அகஸ்டஸ்’ (1972) முழுக்கக் கடிதமும் குறிப்பும். காலவரிசை முன்னும் பின்னுமாகத் தாவும். ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் ஆண்டைப் பார்க்காமல் போனால் குழம்பிப்போவீர்கள். அகஸ்டஸே பேசுவது கடைசிப் பகுதியில்தான்.

‘மறக்கப்பட்ட எழுத்தாளர்’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். மறந்துபோனது 1965இல் வந்த ‘ஸ்டோனர்’. ‘அகஸ்டஸ்’ 1973இல் அமெரிக்கத் தேசியப் புத்தக விருதை நாவலாசிரியர் ஜான் பார்த்தின் நூலுடன் பகிர்ந்துகொண்டது. ‘ஸ்டோனர்’ அமெரிக்காவில் மறுபதிப்பானது 2006இல், ஐரோப்பாவில் சூடுபிடித்தது 2011இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்புக்குப் பிறகு. பழைய பிரதிக்கு நம் பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளில் கேளுங்கள், நூல் பெயரைச் சொல்லி. ஆசிரியர் பெயரை மட்டும் சொன்னால் வேறு யாரையோ எடுத்து நீட்டுவார்கள்.