‘காரத்தன்மை’ ஒன்றா, இரண்டா? பவளத்தொட்டிக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சென்ற வாரம் நான் தொடங்கிய இழை இவ்வளவு நீளும் என்று நினைக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சிக்கலை மறுபடியும் சொல்லிவிட்டு மறுமொழிகளுக்கு வருகிறேன்.

வீட்டில் பவளம் வளர்ப்போருக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சமையல் சோடாவைத் தொட்டியில் கரைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. பாடநூலில் உள்ள சொல்லை அப்படியே எடுத்தாண்டால் வாக்கியம் இப்படி அமைகிறது: “சோடாவைக் கரைத்ததும் நீரின் காரத்தன்மை கூடும், காரத்தன்மை சற்றுக் குறையும்.”

இதில் அச்சுப்பிழை எதுவும் இல்லை, இரண்டு பாதியும் உண்மை. முதலில் வருவது ஆல்கலினிட்டி, அதாவது நீர் எவ்வளவு அமிலத்தை ஏற்று ஈடுகொடுக்கும் என்ற அளவு. இரண்டாவது, அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவுகோலில் நீர், நடுநிலையான 7க்கு மேலே எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பது. சோடியம் பைகார்பனேட் கடல்நீரில் மெல்லிய அமிலம்போல நடந்துகொள்வதால் சேர்த்த கையோடு பிஎச் கொஞ்சம் இறங்கும், ஆல்கலினிட்டி ஏறும். இரண்டுக்கும் நாம் ஒரே சொல்லைக் கொடுத்து வைத்திருக்கிறோம்.

இது ஏட்டளவில் நிற்கும் சிக்கலும் இல்லை. தொட்டி வைத்த முதல் ஆண்டில் ஒரு விடியற்காலை அளந்தபோது பிஎச் 7.8 என்று காட்டியது. எங்கோ படித்து எழுதி வைத்திருந்த குறிப்பு, “காரத்தன்மை குறைந்தால் சோடா சேர்க்கவும்” என்றது. சேர்த்தேன். மறுநாளும் சேர்த்தேன். ஒரு வாரத்தில் ஆல்கலினிட்டி 8 பாகையிலிருந்து (பாகை என்பது அதை அளக்கும் அலகு) 12க்குப் போய்விட்டது, பிஎச் 7.9ஐத் தொட்டதோடு சரி. ஹீட்டரின்மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்தது, கிளைப்பவளத்தின் நுனிகள் வெளிறின. குறிப்பை எழுதியவர் சொன்ன காரத்தன்மை வேறு, நான் அளந்த காரத்தன்மை வேறு. எல்லா ஜன்னல்களும் அடைத்த அறையில் இரவெல்லாம் நாங்கள் விட்ட மூச்சின் கார்பன் டை ஆக்சைடுதான் பிஎச் இறங்கியதற்கு உண்மையான காரணம். ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் போதும்.

இனி மறுமொழிகள்.

> ஆல்கலினிட்டிக்கும் பிஎச்சுக்கும் தொடர்பே இல்லை என்பதுபோல் எழுதுகிறீர்கள். ஒன்று ஏறினால் மற்றதும் ஏறும் என்றுதானே வேதியியல் சொல்கிறது?

தொடர்பு உண்டு ஐயா, மறுக்கவில்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மாறாமல் இருந்தால், ஆல்கலினிட்டி கூடக்கூடப் பிஎச்சும் கூடும். ஆனால் வீட்டுக்குள் மாறாமல் இராத ஒன்று அந்தக் காற்றுதான். வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறக்குறைய 420 பங்கு கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. ஆட்கள் உறங்கும் மூடிய அறையில் அது 1,000ஐத் தாண்டுவது சாதாரணம். அந்த அளவுக்கு ஏறினாலே பிஎச் சுமார் 0.3 இறங்கிவிடும். அப்போது ஆல்கலினிட்டி எவ்வளவு இறங்கியிருக்கும்? ஒரு சொட்டுகூட இறங்கியிராது. கார்பன் டை ஆக்சைடு நீருக்குள் வந்தாலும் வெளியேறினாலும் ஆல்கலினிட்டி அசையாது. தனிச்சொல் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். ஒன்று அசையாமல் இருக்க இன்னொன்று அசைகிறது என்றால், அவை இரண்டும் ஒரே பெயரில் இருக்க முடியாது.

ஐயம் இருப்பவர்கள் சோதித்துப் பார்க்கலாம். ஒரு குவளைத் தொட்டிநீரை வெளியே எடுத்துச்சென்று காற்றுக்கல் போட்டு ஒரு மணிநேரம் குமிழவிடுங்கள். பிஎச் ஏறும், ஆல்கலினிட்டியை முன்னும் பின்னும் அளந்தால் அதே எண்தான். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் சோடாவைத் தேடுவதற்கு முன்னால் ஸ்கிம்மரின் (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டுகிறார்கள்.

> ‘கார்பனேட் கடினத்தன்மை’ என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே. நீர்ச்சோதனைப் பெட்டிகளிலும் அதுதானே அச்சாகியிருக்கிறது?

அது ஜெர்மானியர் விட்டுச்சென்ற மிச்சம். நாம் பாகை பாகையாக அளப்பது அவர்களுடைய கடினத்தன்மைப் பாகை. லிட்டருக்கு 10 மில்லிகிராம் கால்சியம் ஆக்சைடு என்பது அதன் அடிப்படை. நன்னீருக்கு அந்தப் பெயர் ஓரளவு பொருந்தும். கடல்நீரில் பொருந்தவே பொருந்தாது. கடினத்தன்மை என்பது கால்சியம், மக்னீசியத்தின் கணக்கு. கால்சியம் கார்பனேட்டாக மாற்றிச் சொன்னால் கடல்நீரில் அது லிட்டருக்கு 6,000 மில்லிகிராமுக்கு மேல். அதே கணக்கில் ஆல்கலினிட்டி 120க்குப் பக்கத்தில்தான் நிற்கும். ஒரு குழப்பத்திலிருந்து தப்பிக்க இன்னொரு குழப்பத்தில் போய் விழ வேண்டாம். பாகை என்ற அலகு மட்டும் இருக்கட்டும், பழகிவிட்டது.

> அமிலத்தை ஏற்கும் திறன்தானே? ‘அமிலந்தாங்குதிறன்’ என்று வைத்துவிடலாம்.

முன்மொழியப்பட்டவற்றுள் வரையறைக்கு மிக நெருங்கியது இதுதான். நாம் அளக்கும் முறையே அதுதான்: 5 மில்லி நீரை எடுத்துக்கொண்டு, நீல நிறம் மஞ்சளாகும்வரை சொட்டுச் சொட்டாக அமிலம் விடுகிறோம். நீர் எத்தனை சொட்டை விழுங்கியதோ அதுவே விடை. ஆனால் பாடநூல்களில் ‘தாங்கல் கரைசல்’ (பஃபர்) ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, அதை ஒட்டித் ‘தாங்கல் திறன்’ என்பதும் வந்துவிட்டது. தாங்கல் திறன் என்பது பிஎச்சைக் கொஞ்சம் நகர்த்த எவ்வளவு அமிலமோ காரமோ தேவை என்பதைச் சொல்வது. அது பிஎச்சுக்குப் பிஎச் மாறும். ஆல்கலினிட்டியோ குறிப்பிட்ட ஒரு முடிவுப்புள்ளி வரை, ஏறக்குறைய 4.5 வரை, செலவாகும் மொத்த அமிலம். தாங்கல் திறன் ஒரு பக்கம், தாங்குதிறன் ஒரு பக்கம் என்றால் படிப்பவர் நம்மைத் தாங்கமாட்டார். இன்னொரு குறையும் உண்டு. தொட்டிக்காரர் ஒரு நாளில் நாலைந்து முறை சொல்லப்போகும் சொல் இது. பத்தெழுத்து நீளம் இருந்தால் ‘ஆல்க்’ என்றே சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

> ‘காரம்’ என்பதையே விட்டுவிடலாமே. நாக்கில் உறைப்பதற்கும் அதுதான் பெயர்.

அம்மா, அந்தப் பழியிலிருந்து காரத்தை விடுவிக்க நாம் மறுபடி பிறந்து வந்தாலும் ஆகாது. சவர்க்காரம், வெண்காரம் என்று பொருள்களின் பெயரிலேயே வேரோடிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் படிகாரத்திலும் அது இருக்கிறது. படிகாரத்தை நீரில் கரைத்தால் அமிலம், ஆல்கலினிட்டியைத் தின்றுவிடும். நம் முன்னோர் சுவையையும் உறைப்பையும் பார்த்துப் பெயர் வைத்தார்கள், பிஎச் பார்த்து வைக்கவில்லை. சோரன்சன் பிஎச் அளவுகோலைத் தந்ததே 1909ஆம் ஆண்டில்தான்.

இப்போது என் முன்மொழிவு. பவளத்தொட்டியில் ஆல்கலினிட்டி என்னதான் வேலை செய்கிறது என்று பார்த்தால் பெயர் தானாக வருகிறது. கல்பவளம் எலும்புக்கூடு கட்ட ஒரு கால்சியத்தையும் இரண்டு பைகார்பனேட்டையும் எடுத்துக்கொள்கிறது. சுண்ணாம்பாகிறது, கூடவே கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. ஆல்கலினிட்டி 2.8 பாகை குறையும்போது கால்சியம் லிட்டருக்கு 20 மில்லிகிராம்தான் குறைகிறது. கால்சியம் 400க்கு மேல் கிடக்கிறது, 20 போனால் தெரியாது. இயற்கைக் கடல்நீரின் ஆல்கலினிட்டி ஏறக்குறைய 6.5 பாகைதான், அதில் 2.8 போனால் பாதி வீடு காலி. பவளம் நிறைந்த தொட்டியில் ஒரே நாளில் 1 பாகை, 2 பாகை செலவாகும். செலவானதை நாம் திருப்பி வைக்கிறோம். 100 லிட்டருக்கு 3 கிராம் சோடியம் பைகார்பனேட் போட்டால் 1 பாகை ஏறும். நீரற்ற சலவைச் சோடா என்றால் 1.9 கிராமே போதும், அது பிஎச்சையும் சேர்த்து உயர்த்தும்.

செலவு என்கிறோம், திருப்பி வைப்பது என்கிறோம். இது இருப்புக் கணக்கு. எனவே முதலில் ‘கார இருப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். உடனே புணர்ச்சி குறுக்கே வந்தது. சேர்த்து எழுதினால் ‘காரவிருப்பு’; உறைப்பின் மேல் ஆசை என்று படித்துவிட்டு என் மகள் சிரித்தாள். ‘காரமுதல்’ என்றால் எங்கிருந்து எதுவரை என்று கேட்கத் தோன்றுகிறது. ‘காரவைப்பு’ எனக்குப் பிடித்தது, சுருக்கமாகவும் இருக்கிறது. ஆனால் ஹீட்டரில் படியும் சுண்ணாம்பையும் ‘வைப்பு’ என்று எழுதுவோர் உண்டு, அதனால் கைவிட்டேன்.

மிஞ்சியது *காரக்கையிருப்பு*. புழக்கத்தில் ‘கையிருப்பு’ என்று தனியாக நின்றாலும் பொருள் சிதையாது. “இன்று கையிருப்பு எவ்வளவு?” “ஏழரைப் பாகை.” “நேற்று?” “எட்டு.” வீட்டில் கேட்டுப் பார்த்தேன், விளக்கம் தேவைப்படவில்லை. ‘காரத்தன்மை’ என்ற சொல்லைப் பிஎச் சார்ந்த பொருளுக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம். தன்மை என்பது இந்த நொடியில் நீர் எப்படி இருக்கிறது என்பது. கையிருப்பு என்பது எவ்வளவு அமிலம் வந்தாலும் ஈடுகொடுக்க எவ்வளவு மிச்சம் என்பது. விளக்கு அணைந்த பிறகு பாசியும் பவளமும் கார்பன் டை ஆக்சைடை வெளியிட, விடியலுக்குமுன் பிஎச் அடிமட்டத்துக்குப் போகும். பிற்பகலில் ஒளிச்சேர்க்கை அதை உறிஞ்ச, உச்சிக்கு ஏறும். 7.9க்கும் 8.3க்கும் இடையே அது அன்றாடம் ஊசலாடுவதைக் கண்டு பதற வேண்டியதில்லை. இதைத் தமிழில் இனி ஒரே வரியில் சொல்லலாம்: தன்மை ஊசலாடட்டும், கையிருப்பு ஊசலாடக் கூடாது.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்றும் தெரியும். நீரில் இருப்பது காரம் அல்ல, பைகார்பனேட், கார்பனேட், கொஞ்சம் போரேட். அதைக் ‘காரம்’ என்பது சரியா என்று வேதியியல் ஆசிரியர்கள் கேட்பார்கள். அமிலத்தின் புரோட்டானை வாங்கிக்கொள்கிற எதுவும் காரம்தான் என்ற வரையறையைக் கற்றுக்கொடுத்ததே அவர்கள்தான் என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன். ‘கையிருப்பு’ கடைக்கணக்குச் சொல், அறிவியலுக்கு ஏற்ற மிடுக்கு இல்லை என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். மிடுக்கான சொற்கள் நம் அகராதிகளில் நிறையவே உறங்குகின்றன, ஐயா.

ஒரே ஓர் இடம் இன்னும் உறுத்துகிறது. தெளிந்த சுண்ணாம்பு நீர், கையிருப்பையும் கால்சியத்தையும் சேர்த்தே ஏற்றுகிறது; தானே பிஎச் 12க்கு மேல் இருப்பதால் தன்மையையும் தூக்குகிறது. இப்படி அன்றாடம் சொட்டுச் சொட்டாகத் திருப்பி வைக்கும் வேலைக்கு என்ன சொல்வது? ‘மருந்திடல்’ என்று சிலர் எழுதுகிறார்கள், பவளத்துக்கு நோய் ஒன்றும் இல்லை. ‘ஈடுசெய்தல்’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் வைத்திருப்பவர்கள் இந்த இழையிலேயே எழுதுங்கள்.

கையேட்டில் அந்த வாக்கியத்தை இப்படி மாற்றிவிட்டேன்: “சோடாவைக் கரைத்ததும் காரக்கையிருப்பு கூடும், காரத்தன்மை சிறிது நேரம் சற்றே இறங்கி நிற்கும்.” மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், திங்களன்று மூன்றாம் அத்தியாயத்தை அச்சுக்கு அனுப்புகிறேன்.