மறுமொழி: ‘மருந்து ஊடாட்டம்’ போதுமா?

> ‘மருந்து ஊடாட்டம்’ என்றே வைத்துக்கொள்வோம். பழகிய சொல்தானே.

வணக்கம் ஐயா,

ஒரு மருந்து இன்னொன்றின் விளைவை மாற்றுவதை (drug interaction) ‘ஊடாட்டம்’ என்பது நமக்குத்தான் பழகியது. கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் ‘கன்னாபிடியால்’ என்ற பொருளைப் பற்றிய நம் துண்டறிக்கையின் வரைவை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அம்மா இரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர். மாதாமாதம் பலதுறை மருந்தகத்துக்குப் போய், விரலில் குத்தி ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) பார்த்துவிட்டு வருவார். ‘கன்னாபிடியால் வார்ஃபரினுடன் ஊடாடும்’ என்ற வரியில் நிறுத்தச் சொன்னார். “ரெண்டு மாத்திரையும் உக்காந்து பேசுமா?”

கேள்வி நியாயமானது. அந்த இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. வார்ஃபரினைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரலில் உள்ள சிஒய்பி2சி9 என்ற நொதி. அதன் வேலையைக் கன்னாபிடியால் மந்தமாக்குகிறது. வழக்கமான அளவுதான் விழுங்கியிருப்பார். ஆனால் மருந்து இரத்தத்தில் தேங்கும், ஐஎன்ஆர் ஏறும், பல் துலக்கினால் ஈறில் இரத்தம் கசியும் நிலைகூட வரலாம்.

அதனால் என் பரிந்துரை: ‘மருந்துக் குறுக்கீடு’. வினையாக்கிப் பார்த்தேன்: ‘வார்ஃபரின் வெளியேறுவதில் கன்னாபிடியால் குறுக்கிடும்.’ அம்மா உடனே, “அப்ப டாக்டரைக் கேக்காம எடுக்கக் கூடாது” என்றார். குறுக்கீட்டை இயற்பியல்காரர்கள் அலைகளுக்கு வைத்திருக்கிறார்களே என்பீர்கள். ஒளி அலையும் மாத்திரையும் ஒரே துண்டறிக்கையில் வரப்போவதில்லை, விடுங்கள்.

இரத்தத்தில் மருந்தின் அளவு கூடினால் ‘ஏற்றக் குறுக்கீடு’. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் வார்ஃபரினைக் குறைப்பது போன்றவை ‘இறக்கக் குறுக்கீடு’. தூக்க மாத்திரையோடு கன்னாபிடியால் சேர்ந்து மயக்கத்தைக் கூட்டுவதற்கு இது பொருந்தாது. அங்கே யாரும் யாருக்கும் குறுக்கே நிற்கவில்லை. அதைக் ‘கூட்டுவிளைவு’ என்று தனியே வைப்போம். முந்தைய மடலில் ‘ஊடாட்ட’த்துக்கு மாற்றாக வந்த ‘மோதல்’ கேட்க நன்றாக இருந்தாலும் இந்த இடத்தில்தான் உதைக்கிறது.

இன்னொன்று, வரைவில் உள்ள ‘சணல் எண்ணெய்’ கட்டாயம் போக வேண்டும். சாக்கு தைக்கும் சணல் வேறு செடி. கன்னாபிடியால் எடுக்கும் செடி கஞ்சாச் செடியேதான், போதை தரும் டிஎச்சி குறைந்த வகை. 0.3 விழுக்காட்டுக்கு மேல் டிஎச்சி இல்லாவிட்டால் அமெரிக்கா 2018 சட்டத்தில் அதைக் கஞ்சாவிலிருந்து தனியாகப் பிரித்தது. இங்கே சிங்கப்பூரில் அந்தக் கணக்கு செல்லாது. சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் கஞ்சாவை உட்கொண்டால்கூடக் குற்றம். மகன் வீட்டுக்கு அமெரிக்கா போகிற பெரியவர் சணல்தானே என்று ஒரு புட்டியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு சாங்கியில் வந்து இறங்கினால்? ‘கஞ்சாவகைச் செடி’ என்றே எழுதுவோம், முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

ஓர் இடத்தில் மட்டும் எனக்கே முட்டுகிறது. வலிப்புக்குத் தரும் குளோபசமுடன் கன்னாபிடியால் சேரும்போது, குளோபசம் உடலில் மாறி உண்டாகும் பொருள்தான் சுமார் 3 மடங்கு ஏறுகிறது. அதுவும் வேலை செய்யும் பொருள் என்பதால் தூக்கம் அசத்தும். மருந்தே ஏறாதபோது இதை ‘ஏற்றக் குறுக்கீடு’ என்பது சரியா? மருந்தாளர் அக்கா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.